தோட்டா மட்டும்தானே விற்கப்போகிறேன்?

கேள்வி: ராணுவத்தில் 17 ஆண்டுகள் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். வயது 41. உடுமலைப்பேட்டைப் பக்கம் சொந்த ஊர். ஓய்வுத் தொகையில் 18 லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. எங்கள் பகுதியில் துப்பாக்கி வைத்திருக்கும் தோட்டக்காரர்கள், வங்கிக் காவலர்கள் எல்லோரும் தோட்டா வாங்கக் கோயம்புத்தூர் போகிறார்கள். இங்கேயே ஒரு கடை போட்டால் என்ன என்று தோன்றியது. துப்பாக்கி விற்கும் எண்ணம் இல்லை, தோட்டா மட்டும்தான். அதனால் லைசென்ஸ் சுலபமாகக் கிடைக்கும் என்கிறார்கள். என் சித்தப்பா பட்டாசுக் கடை வைத்திருக்கிறார். அதே லைசென்ஸ் மாதிரிதான் இதுவும் என்று அவரும் சொல்கிறார். எனக்குச் சொந்தத் துப்பாக்கி லைசென்ஸும் உண்டு. பேருந்து நிலையம் அருகே கடை பேசி முடித்துவிட்டேன். அடுத்த வாரம் 3 லட்சம் முன்பணம் கொடுக்க வேண்டும். என்னென்ன லைசென்ஸ் வாங்க வேண்டும்? இந்தத் தொழில் குடும்பத்தைக் காப்பாற்றுமா?

பதில்:

அன்புத் தம்பி,

முதலில் அந்த 3 லட்சம். அடுத்த வாரம் அதைக் கொடுக்காதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசுவோம்.

ஏன் என்று சொல்கிறேன். தோட்டா விற்பதற்கான உரிமம் ஆளுக்கு மட்டும் தரப்படுவதில்லை, இடத்துக்கும் சேர்த்தே தரப்படுகிறது. எந்தக் கதவிலக்கம், எந்தத் தெரு என்பது உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும். அந்த இடத்தைப் போலீஸ் வந்து பார்க்கும், அக்கம்பக்கத்தில் விசாரிக்கும். பேருந்து நிலையத்தை ஒட்டிய கடையை அவர்கள் ஏற்காமல் போனால் உங்கள் விண்ணப்பமும் நிற்கும், முன்பணமும் அங்கே மாட்டிக்கொள்ளும். ஏற்றாலும்கூட முடிவு வர மாதக்கணக்கில் ஆகும், சில நேரம் ஆண்டைத் தாண்டும். அதுவரை பூட்டிய கடைக்கு வாடகை கட்டி ஓய்வூதியப் பணத்தைக் கரைத்தவர்கள் வழக்கறிஞரான என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நான் செய்து கொடுக்க முடிந்தது குறைவு. அந்த வருத்தத்தில்தான் உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன்.

கடைக்காரரிடம் வேறு மாதிரி பேசுங்கள். என்ன வியாபாரம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். தோட்டாக் கடை என்றதும் பின்வாங்கும் உரிமையாளர்கள் உண்டு. பின்வாங்கினால் இப்போதே வாங்கட்டும். சம்மதித்தால் எழுத்தில் சம்மதக் கடிதம் வாங்குங்கள். உரிமம் கைக்கு வந்த நாளிலிருந்துதான் வாடகை ஓடும், உரிமம் மறுக்கப்பட்டால் கொடுத்த சிறு தொகை முழுதும் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல வழி, சொந்தமாகக் கட்டடம் இருந்தால் அதன் முன்பகுதியைக் காட்டுவது. கூட்டம் அதிகம் வரும் இடம் இந்தத் தொழிலுக்குத் தேவையே இல்லை. தோட்டா வாங்குகிறவன் கடையைத் தேடிக்கொண்டு வருவான். வழியில் போகிறவன் எட்டிப் பார்த்து வாங்கும் சரக்கு இல்லை இது.

இனி, 'தோட்டா மட்டும்தானே' என்ற எண்ணத்துக்கு வருகிறேன். உங்களை வழி தவற வைத்தது இந்த ஒரு சொல்தான்.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், அரசுத் தமிழில் படைக்கலச் சட்டம், துப்பாக்கியையும் தோட்டாவையும் ஒரே மூச்சில்தான் சொல்கிறது. அதன் 5ஆம் பிரிவின்படி உரிமம் இல்லாமல் தோட்டாவை விற்கக் கூடாது, விற்பனைக்காக வைத்திருக்கக் கூடாது, விற்பதாகக் காட்சிக்கு வைக்கவும் கூடாது. தோட்டா என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடக்கம். மீறினால் 25ஆம் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அங்கே தண்டனை குறைந்தது 7 ஆண்டு, மேலே ஆயுள் வரை போகலாம். கைத்துப்பாக்கியைக் கள்ளத்தனமாக விற்றவனும், உரிமம் இல்லாமல் ஒரு பெட்டி தோட்டா விற்றவனும் நிற்பது ஒரே கூண்டில். சட்டத்தின் கண்ணில் தோட்டா சின்ன சரக்கு இல்லை. சொல்லப்போனால் துப்பாக்கிக்கு உடம்பில் எண் இருக்கிறது, எங்கே போனாலும் தேடிப் பிடிக்கலாம். கையளவு தோட்டாக்கள் யாரிடம் போயின என்பதைச் சொல்ல உங்கள் பதிவேட்டை விட்டால் வேறு சாட்சி இல்லை. அதனால் தோட்டா விற்பவர் மேல் கண்காணிப்பு ஒரு படி கூடுதலாகவே இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பாவின் பட்டாசு உரிமம் முற்றிலும் வேறு குடும்பம். அது 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழும் 2008ஆம் ஆண்டு விதிகளின் கீழும் வருவது. அதை வைத்துக்கொண்டு ஒரு தோட்டா விற்க முடியாது. ஆனால் அந்தச் சட்டமும் உங்களைத் தொடும் இடம் ஒன்று இருக்கிறது. நம் ஊர்ப் பக்கம் பயிர்க் காவலுக்கென்று உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கிகள் நிறைய. குழலின் வாய் வழியாகக் கருமருந்தும் ஈய ரவையும் போட்டுக் கெட்டித்து, மருந்தைப் பற்றவைக்கும் கேப் வைத்துச் சுடுகிற வகை. அவர்களுக்குத் தோட்டா வேண்டியதில்லை, கருமருந்தும் கேப்பும்தான் வேண்டும். கருமருந்து வெடிபொருள். அதை வைத்திருக்கவும் விற்கவும் வெடிபொருள் சட்டத்தின் உரிமமும் வேண்டும். 'தோட்டா மட்டும்' என்று நீங்கள் போட்டுக்கொண்ட எல்லை, கிராமத்து உரிமக்காரர்களில் பெரும்பகுதியை உங்கள் கடையிலிருந்து வெளியே நிறுத்திவிடுகிறது. இதை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

உங்கள் சொந்தத் துப்பாக்கி உரிமம் இதற்கு உதவாது. அது வைத்துக்கொள்ளும் உரிமை, விற்கும் உரிமை இல்லை. ராணுவ அனுபவம் உதவும். ஆயுதத்தைக் கையாளத் தெரிந்தவர், ஒழுங்கு தெரிந்தவர் என்பது விசாரணையில் நல்ல பெயர் தரும். ஆனால் நீங்கள் பணியில் கையாண்ட 9 எம்எம், 5.56, 7.62 தோட்டாக்களெல்லாம் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகை. அவற்றை உங்கள் கடையில் வைக்கவே முடியாது. நினைவுக்காக என்று வீட்டில் உயிருள்ள தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. விண்ணப்பித்த பிறகு யாராவது பழைய தோழர் 'இதை வைத்துக்கொள்' என்று நீட்டினால் வாங்காதீர்கள். கடையில் நீங்கள் விற்கக்கூடியவை 12 போர் ('போர்' என்பது குழலின் அளவு) தோட்டா, .32, .22, .315 போன்ற தடையில்லாத வகைகள்தாம்.

இனி, விண்ணப்பம் எப்படி நகரும் என்று சொல்கிறேன். இப்போது நடப்பில் இருப்பவை 2016 ஜூலையில் வந்த ஆயுத விதிகள். 1962ஆம் ஆண்டின் பழைய விதிகளை அவை நீக்கிவிட்டன. யாராவது பழைய படிவ எண்ணைச் சொல்லி வழிகாட்டினால் நம்பாதீர்கள். ஆயுதம் என்பது அரசியல் சாசனப்படி மத்தியப் பட்டியலில் வரும் விஷயம். சட்டமும் விதியும் டெல்லியில் எழுதப்பட்டாலும், உங்களைப் பற்றிய விசாரணை உள்ளூரில்தான் நடக்கும். திருப்பூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் துப்பாக்கி உரிமம் பார்க்கும் பிரிவுக்கு நேரில் போங்கள். 'தோட்டா விற்பனை, இருப்பு, பாதுகாப்புக் காவல் (பிறர் துப்பாக்கியை வாங்கிப் பத்திரமாக வைத்துத் தருவது), பழுதுபார்ப்பு, இவற்றில் எதையெதைச் சேர்த்து விண்ணப்பிக்கலாம், எந்தப் படிவம், எந்த அதிகாரி முடிவெடுப்பார்' என்று எழுதிக் கொடுத்துப் பதில் கேளுங்கள். வாய்வார்த்தையில் கேட்டு வராதீர்கள். காவல் நிலைய அறிக்கை இல்லாமல் கோப்பு நகராது. உங்கள் மேலும், உங்களோடு கூட்டாளியாக வருபவர் மேலும், கடையில் நிற்கப்போகிறவர் மேலும் வழக்கு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மைத்துனரைச் சேர்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால், அவர் மேல் பழைய அடிதடி வழக்கு ஒன்று நிலுவையில் இருந்தாலும் அதை முதலிலேயே என்னைப் போன்ற ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

சட்டம் உங்களுக்குத் தரும் பாதுகாப்புகளும் உண்டு. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது என்று 14ஆம் பிரிவிலேயே இருக்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். பொதுநலனுக்குப் பாதகம் என்று அவர்கள் கருதினாலொழிய, நீங்கள் கேட்கும்போது அதைத் தர வேண்டும். 18ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். ஆனாலும் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்: புதிய வியாபார உரிமம் அதிகாரிகள் மனமுவந்து தரும் உரிமம் இல்லை. 'இந்த வட்டாரத்துக்கு இன்னொரு கடை எதற்கு' என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்கு உங்களிடம் பதில் வேண்டும். உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

கடை நிற்குமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு காலத்தில் இந்தத் தொழிலுக்குப் படியளந்தவர்கள் வேட்டைக்காரர்கள். ஆனைமலை, வால்பாறை எஸ்டேட் துரைமார்கள், ஜமீன் வாரிசுகள், பொள்ளாச்சிப் பக்கத்துப் பண்ணையார்கள். பெட்டி பெட்டியாகத் தோட்டா போன காலம் அது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, வேட்டை நின்றது, கடைகளின் வியாபாரமும் அதோடு சுருங்கியது. உங்கள் ஊர்த் தென்னந்தோப்புகளில் காட்டுப்பன்றித் தொல்லை இருப்பதால் தோட்டா ஓடும் என்று யாராவது ஆசை காட்டியிருந்தால் அதையும் மறந்துவிடுங்கள். பன்றி பயிரைத் தின்றாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் விவசாயி சுட முடியாது. 2025 தொடக்கத்தில் தமிழக அரசு எடுத்த முடிவிலும் சுடும் பொறுப்பு வனத்துறை ஆட்களிடம்தான் கொடுக்கப்பட்டது. பன்றியைச் சுடுவதற்கென்று தெரிந்தே தோட்டா விற்றால் நீங்களும் அந்த வழக்கில் வருவீர்கள்.

மிச்சம் இருப்பவர்கள் யார்? தற்காப்புக்காக ரிவால்வர் வைத்திருப்பவர்கள். இவர்களில் பலர் வாங்கிய தோட்டாவில் ஒன்றைக்கூடச் சுட்டிருக்க மாட்டார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பழையதை மாற்றுவார்கள், அவ்வளவுதான். அடுத்து வங்கிக் காவலர்கள், பணவண்டிக் காவலர்கள். அவர்கள் தோளில் இருக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு 12 போர் தோட்டா வேண்டும். ஆனால் ஒருவரிடம் இருப்பதே சில தோட்டாக்கள்தான், பயிற்சியில் சுடுவதும் மிகக் குறைவு. 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்ததும் இந்தச் சந்தையைச் சிறுக்கவைத்தது.

விளையாட்டு வீரர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள், தமிழர்களிலேயே இருக்கிறார்கள். ஆனால் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சாதித்த 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் தோட்டாவுக்கு வேலை இல்லை, அது காற்றழுத்தத்தில் ஈயக் குண்டு விடும் போட்டி. புதிதாக வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் சேர்வதும் அதில்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் ஆடும், பறக்கும் தட்டுகளைச் சுடுகிற டிராப் போட்டியில் தோட்டா கணிசமாகச் செலவாகும், ஒரு சுற்றுக்கே 25 இலக்குகள். ஆனால் அந்த மட்டத்து வீரர்கள் பெரும்பாலும் சங்கங்கள் மூலமாக வெளிநாட்டுத் தோட்டாவை வரவழைத்துக்கொள்கிறார்கள். உங்கள் கடைக்கு வருவது அரிது.

ஆகவே ஊகத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையைக் கையில் எடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு போடுங்கள். மாவட்டத்தில் நடப்பில் உள்ள துப்பாக்கி உரிமங்கள் எத்தனை, அதில் வாய்வழி மருந்து போடும் நாட்டுத் துப்பாக்கி எத்தனை, 12 போர் எத்தனை, கைத்துப்பாக்கி எத்தனை, உரிமம் பெற்ற விற்பனையாளர் எத்தனை பேர். பெயரோ முகவரியோ கேட்காதீர்கள். அது தர மாட்டார்கள், தரவும் கூடாது. எண்ணிக்கை போதும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு, எண்கள் நானாக வைத்துக்கொள்பவை. உங்கள் கடைக்கு எட்டும் தூரத்தில் 600 உரிமங்கள் என்று வைப்போம். 250 நாட்டுத் துப்பாக்கி என்றால் தோட்டா வாங்கக்கூடியவர் 350 பேர். ஆளுக்கு ஆண்டுக்குச் சராசரி 10 தோட்டா என்றால் 3,500. பழகிய கடையை விட்டுப் பாதிப் பேர் உங்களிடம் வந்தால் 1,750. ஒன்றுக்கு 20 ரூபாய் நிற்கிறது என்றாலும் ஆண்டுக்கு 35,000 ரூபாய். மாதம் 3,000க்கும் கீழே. பேருந்து நிலையக் கடையின் வாடகைக்கு இது காணுமா? உங்கள் மாவட்டத்து உண்மை எண்களைப் போட்டு இதே கணக்கை நீங்களே செய்து பாருங்கள். இரண்டு மடங்கு வந்தாலும், மூன்று மடங்கு வந்தாலும் தோட்டாவை மட்டும் நம்பி ஒரு குடும்பம் சாப்பிட முடியாது என்பதுதான் என் கருத்து.

பிறகு இருக்கிற கடைகள் எப்படி ஓடுகின்றன? தோட்டாவால் அல்ல. பாதுகாப்புக் காவலால், பழுதுபார்ப்பால், பழைய துப்பாக்கிகளைக் கைமாற்றிவிடும் தரகால். சட்டத்தின் 21ஆம் பிரிவு, உரிமம் காலாவதியானாலோ ரத்தானாலோ துப்பாக்கியைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. அப்பா இறந்து, வாரிசுகள் யார் பெயருக்கு மாற்றுவது என்று முடிவுக்கு வராத வீடுகள் எத்தனையோ. மகனோடு அமெரிக்கா போகும் பெரியவர்கள் உண்டு. தேர்தல் அறிவிப்பு வந்தால் ஒப்படைக்கச் சொல்லப்படும் துப்பாக்கிகள் உண்டு. காவல் நிலையத்தின் ஈரச்சுவர் அறையில் துருப்பிடிப்பதைவிட, எண்ணெய் போட்டு உலர்ந்த அறையில் வைத்துத் தருகிற கடையைப் பலர் விரும்புகிறார்கள். அதற்கு மாத வாடகை உண்டு. ராணுவத்தில் ஆயுதக் கொட்டிலைப் பராமரித்த உங்களுக்கு இந்த வேலை கைவந்தது. துப்பாக்கி பழுதுபார்க்கத் தெரிந்த கைகள் நாளுக்கு நாள் குறைந்துவருகின்றன. அதைக் கற்றிருந்தால் உங்கள் பெரிய மூலதனம் 18 லட்சம் இல்லை, அந்தக் கைதான். ஆகவே விண்ணப்பிப்பதாக இருந்தால் 'தோட்டா மட்டும்' என்று சுருக்கிக்கொள்ளாமல் பாதுகாப்புக் காவலையும் பழுதுபார்ப்பையும் சேர்த்துக் கேளுங்கள். உரிமத்தில் எழுதப்படாத எதையும் கடையில் செய்யக் கூடாது. ஒரு விசிறியைக் கழற்றி மாட்டுவது போலத் துப்பாக்கியின் குதிரையை (சுடும் விசையை) மாற்றிக் கொடுத்தால்கூட அது உரிமமில்லாப் பழுதுபார்ப்பு.

ஏர்கன்னும் குண்டும் சேர்த்து விற்கலாமா என்பதையும் அதே மனுவில் கேளுங்கள். .177 அளவுக்கும் 20 ஜூலுக்கும் உட்பட்ட ஏர்கன் வாங்க வாடிக்கையாளருக்கு உரிமம் தேவையில்லை. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோர் உங்கள் கடைப் படி ஏற அது ஒரு வழி. வாங்குகிறவரின் அடையாள அட்டை நகலை வாங்கி வைத்துக்கொள்வதை மட்டும் விடாதீர்கள்.

இப்போது கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் உங்களைப் பற்றி. நான் அதிகம் கவலைப்படுவது இதற்காகத்தான்.

ஒருவர் வந்து 12 போர் தோட்டா பத்து கேட்கிறார். அசல் உரிமப் புத்தகம் கையில் இருக்க வேண்டும், நகல் ஆகாது, வாட்ஸ்அப் படம் ஆகவே ஆகாது. ஆயுத உரிமங்களுக்கான தேசியத் தரவுத்தளத்தின் தனி அடையாள எண் அதில் இருக்கிறதா? அந்த எண் இல்லாத உரிமம் இன்று செல்லாது. காலம் முடிந்துவிட்டதா? எந்த வட்டாரத்துக்குச் செல்லும்? எந்தத் துப்பாக்கி, எந்த அளவு? ஒரே சமயத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஓராண்டில் எத்தனை வாங்கலாம் என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டையும் பாருங்கள், முந்தைய கடைக்காரர்கள் எழுதியதையெல்லாம் கூட்டிப் பாருங்கள். விற்றதும் அவர் புத்தகத்தில் தேதி, எண்ணிக்கை, உங்கள் கையெழுத்து. உங்கள் பதிவேட்டில் அதே விவரம், அவர் கையெழுத்து. தோட்டாப் பெட்டியின் தொகுதி எண்ணையும் எழுதுங்கள். மாலையில் கடை பூட்டுமுன் இருப்பை எண்ணிப் பதிவேட்டோடு பொருத்துங்கள். ஒரு நாளும் 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' வேண்டாம்.

கஷ்டம் எங்கே வரும் தெரியுமா? முகம் தெரிந்தவரிடம் வரும். 'சித்தப்பாவுக்கு மேலுக்கு முடியலைண்ணா, புத்தகத்தைக் கொடுத்துவிட்டிருக்காரு, பத்தே பத்து குடுங்க' என்று பக்கத்துத் தோட்டத்துப் பையன் வந்து நிற்பான். புத்தகம் அசல்தான், சித்தப்பாவையும் உங்களுக்குத் தெரியும். கொடுக்காதீர்கள். தகுதி உண்டா என்று உறுதி செய்யாமல் ஒருவர் கையில் தோட்டாவைக் கொடுத்தால் அதுவே 29ஆம் பிரிவில் குற்றம். அந்தப் பத்தில் ஒன்று நாளைக்கு வரப்புத் தகராறில் வெடித்தால் முதல் சம்மன் உங்களுக்கு. உரிமக்காரரே நேரில் வந்தாலும் முகம் வெளிறி, பேச்சு தடுமாறி, குடிவாடையோடு நின்றால் 'இன்னிக்கு இருப்பு இல்லீங்க, நாளைக்கு வாங்க' என்று அனுப்பிவிடுங்கள். கூடவே அந்த வீட்டில் யாரையாவது தெரிந்திருந்தால் ஒரு போன் போடுங்கள். விற்காமல் விட்ட ஒரு பெட்டியால் நஷ்டம் வந்ததாக எந்த வியாபாரியும் என்னிடம் சொன்னதில்லை.

என் கட்சிக்காரர் ஒருவர், பரம்பரைக் கடை, நேர்மையானவர். சோதனையில் 17 தோட்டா குறைந்தது. திருட்டு இல்லை, விற்பனையும் இல்லை. பழைய பதிவேட்டிலிருந்து புதியதற்குக் கணக்கை மாற்றும்போது அவர் மகன் ஒரு வரியை விட்டுவிட்டான். அதை நிரூபிக்க எட்டு மாதம் ஆனது, அதுவரை கடை பூட்டிக் கிடந்தது. வீட்டுக்குள் அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளாமல் இருந்த நாட்கள்தாம் எனக்கு இன்னமும் ஞாபகத்தில் நிற்கின்றன.

பெரிய அளவிலும் இது நடக்கிறது. ஜம்மு காஷ்மீரில் 2012க்கும் 2016க்கும் இடையில் தகுதியில்லாதவர்களுக்கு 2.78 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கி உரிமங்கள் வழங்கப்பட்டதாக எழுந்த வழக்கை சிபிஐ எடுத்தது. அதிகாரிகளோடு துப்பாக்கி வியாபாரிகளும் விசாரணைக்குள் வந்தார்கள், அவர்களுடைய கடைகளில் தேடுதல் நடந்தது. வெளிமாநில உரிமப் புத்தகம் உங்கள் கல்லாவுக்கு வரும்போது ஒன்றுக்கு இரண்டுமுறை பாருங்கள். சந்தேகம் இருந்தால் எழுதிக் கேட்டு உறுதி செய்யும்வரை விற்காதீர்கள்.

சரக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 12 போர் தோட்டா புனே அருகே கட்கியில் உள்ள அரசுத் தொழிற்சாலையில் தயாராகிறது. 2021 அக்டோபர் 1 முதல் அது மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டது. நம் நீலகிரி அருவங்காட்டுத் தொழிற்சாலையும் அதே நிறுவனத்தின் கீழ்தான். ஆனால் அங்கே தயாராவது உந்துமருந்து, நீங்கள் போய் வாங்க ஒன்றும் இல்லை. உங்கள் உரிமத்தில் எழுதப்பட்ட இருப்பு அளவுக்கு மேல் சரக்கு எடுக்க முடியாது. தபாலிலும் கூரியரிலும் தோட்டா அனுப்ப முடியாது. வண்டியில் வரும் சரக்குக்கு உரிய தாள்கள் வண்டியிலேயே இருக்க வேண்டும். இறக்குமதிக்கு 10ஆம் பிரிவில் தனி உரிமம் வேண்டும், தொடக்கத்தில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

முதலீட்டில் முதல் செலவு சரக்காக இருக்கக் கூடாது. கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் கொண்ட காப்பறை, தரையோடு பதித்த பெட்டகம், கேமரா, மின்சாரம் போனாலும் ஒலிக்கும் எச்சரிக்கை மணி, தீயணைப்பான், காப்பீடு. சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும், இருவரும் சேர்ந்தால்தான் திறக்கும்படி. வீடும் கடையும் ஒரே கட்டடம் என்றால் காப்பறைக்கு வீட்டுப் பக்கம் வாசல் வைக்காதீர்கள், பிள்ளைகள் இருக்கும் வீடு. உள்ளாட்சி வணிக உரிமம், ஜிஎஸ்டி பதிவு, கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஆகியவை எல்லாக் கடைக்கும் உள்ளவைதான். ஒரு கணக்காளர் ஒரு வாரத்தில் முடித்துத் தருவார், ஆனால் ஆயுத உரிமம் வந்த பிறகு அவற்றைத் தொடங்கினால் போதும்.

உங்கள் மனைவியிடம் ஒன்று பேசிவிடுங்கள். உரிமம் உங்கள் பெயரில் மட்டும் இருந்து உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், மறுநாள் அவர் கடையைத் திறந்து ஒரு தோட்டா விற்க முடியாது, சரக்கை வீட்டுக்கு எடுத்துப் போகவும் முடியாது. முறைப்படி ஒப்படைத்துவிட்டுப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த நாளில் யாரிடம் போக வேண்டும், சாவி எங்கே, பதிவேடு எங்கே என்பது அவருக்கு இன்றே தெரிந்திருக்க வேண்டும்.

18 லட்சத்தில் எவ்வளவு போடலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். தகவல் உரிமைச் சட்டத்தில் பதில் வரும்வரை 10 ரூபாய்க்கு மேல் போடாதீர்கள். எண்கள் சாதகமாக வந்து, உரிமமும் வந்தால், காப்பறைக்கும் முதல் சரக்குக்குமாகச் சேர்த்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். எண்கள் சாதகமாக இல்லையென்றால், துப்பாக்கி பழுதுபார்க்கும் உரிமத்தை மட்டும் தனியாகக் கேட்பது பற்றிப் பேசுவோம். அதற்கு உங்கள் வீட்டு முன்கட்டே போதும்.

மனுவின் நகலையும் கடைக்காரர் எழுதித்தரும் சம்மதக் கடிதத்தையும் எனக்கு அனுப்பிவையுங்கள். கையெழுத்துப் போடுமுன் அனுப்புங்கள்.